பொருத்தின் பிழை

தனித்தனியே குற்றமற்ற இரண்டு பொருள்கள் ஒன்று சேர்ந்ததும் குற்றமுடைய ஒரு பொருளாகிவிடக் கூடுமா? கூடுமாயின் அக்குற்றம் யாருடையது? இவ்வினா எனக்கு எந்தத் தத்துவ நூலிலிருந்தும் வரவில்லை. என் இளைய மகன் வீட்டிற்குக் கொண்டுவந்த ஓர் ஆட்டக்கோலிலிருந்து வந்தது.

'பூல்' ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலையே குறிப்பிடுகிறேன். ஆட்டக்காரர் அதனைக் 'கியூ' என்பர். பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் பூல் கோலைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். நம் ஊர்களில் அவ்வாட்டக் கூடங்களுக்கு இருக்கும் பெயர் அத்தகையது. அப்பெயரில் முழுப் பொய்யும் இல்லை. ஆயினும் இவ்வாட்டத்தின் உறவான ஸ்னூக்கர், 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படையதிகாரிகளிடையே தோன்றி, 1880களில் நம் உதகமண்டலத்து மன்றமொன்றில் விதிகள் வகுக்கப்பெற்றது என்பதை நினைவூட்டினால், அம்முகச்சுளிப்பு சற்றுக் குறையலாம். கோலுக்கும் கூடத்துக்கும் உள்ள தொடர்பை விட்டுவிட்டு, கோலை மட்டும் பார்ப்போம்.

பூல் கோல் ஏறத்தாழ 58 அங்குல நீளமுடையது. எடுத்துச் செல்வதற்கு எளிதாக இருக்க வேண்டி அதனை இரு பாதிகளாகச் செய்வர். கையில் பிடிக்கும் தடித்த பகுதி அடிக்கோல்; பந்தைத் தொடும் மெல்லிய பகுதி முன்கோல். முன்கோல் பெரும்பாலும் மேப்பிள் மரத்தாலானது. அடிக்கோலில் கருங்காலி போன்ற அழகிய மரங்களையும் இழைப்பர். அடிக்கோலின் தலையில் ஒரு திருகாணி நீட்டிக்கொண்டிருக்கும். முன்கோலின் அடியில் அதற்கேற்ற மரை வெட்டிய துளை இருக்கும். இரண்டின் வாயிலும், உலக்கைக்குப் பூண் போடுவதுபோல, ஒரு பூண் இருக்கும். திருகி முடுக்கும்போது பூணும் பூணும் முகத்தோடு முகம் படிய வேண்டும். ஈண்டு ஒன்றைக் கவனித்தல் நலம். பொருத்தின் வலிமை திருகாணியில் இருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். திருகாணியின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. அடியின் அதிர்வை ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குச் செவ்வனே கடத்துபவை ஒன்றோடொன்று படிந்த அம்முகங்களே.

என் மகன் அக்கோலை இன்னொருவரிடமிருந்து பழைய பொருளாக வாங்கியிருந்தான். பந்தை அடிக்குந்தோறும் அதிலிருந்து வண்டு முரல்வது போன்ற மெல்லிய ஓசை எழுந்தது. ஓசை நுனியருகே கேட்டது. ஆகவே முன்கோலே பழுது என்று அவன் முடிவு கட்டினான். புதிய முன்கோல் வாங்கப் பணம் கேட்டான். நானோ, வாங்கும்போதே பார்த்து வாங்கத் தெரியாதவனுக்குப் புதியது எதற்கு என்று கடிந்துகொண்டேன். அவன் கோலைக் குறை சொன்னான். நான் அவனைக் குறை சொன்னேன். இருவரும் பொருத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் ஆட்டக்கோல் பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டு சென்றோம். அவர் கோலை வாங்கியதும் எதையும் கழற்றவில்லை, எதையும் முடுக்கவுமில்லை. அடிப்பக்கத்தை உள்ளங்கையில் மெல்லத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். அடிமுனையிலுள்ள ரப்பர்க் குமிழ் தளர்ந்திருந்தாலும் இத்தகைய ஓசை வரும். எடைக்காக உள்ளே வைத்திருக்கும் இரும்பாணி தளர்ந்தாலும் வரும். நுனியில் உள்ள வெண்பூண் ஒட்டு விட்டாலும் வரும். மரம் ஓசையை நீளவாட்டில் விரைந்து கடத்துவது. அதனால் ஓரிடத்தில் பிறந்த ஓசை வேறோரிடத்தில் கேட்கும். ஓசை கேட்கும் இடமே ஓசை பிறந்த இடம் என்று கொள்வது இத்தொழிலில் முதற்பிழை என்றார்.

பின்னர்க் கோலை இரண்டாகக் கழற்றினார். தட்டையான கண்ணாடிப் பலகை மீது அடிக்கோலை உருட்டினார். அது வழுவழுவென்று ஓடியது. முன்கோலை உருட்டினார். அதுவும் அவ்வாறே ஓடியது. இரண்டையும் பொருத்தி உருட்டினார். இப்பொழுது நுனி எழுந்து எழுந்து தாழ்ந்தது. நேரான இரண்டு கோல்கள், சேர்ந்தால் கோணல்! என் மகன் என்னைப் பார்த்தான். நான் கோலைப் பார்த்தேன். பெரியவர் விளக்கின் முன் பொருத்தைப் பிடித்துக் காட்டினார். பூணுக்கும் பூணுக்கும் இடையில், ஒரு பக்கத்தில் மட்டும், மயிரிழை போல் ஒளி தெரிந்தது.

பூணின் முகத்தில் பழைய மெழுகும் சாக்குத் தூளும் இறுகி ஒரு சிறு பொருக்காக ஒட்டியிருந்தன. அவ்வளவுதான். அதனை மூங்கில் சிம்பால் நெகிழ்த்தி, துணியில் தோய்த்த சிறிது சாராவியால் துடைத்தெடுத்தார். மணல்தாளைத் தொடவே இல்லை. கையால் தேய்த்தால் பொருக்கோடு பூணின் சமதளமும் போய்விடும். பிறகு கடைசல் இயந்திரத்தில் ஏற்றித்தான் அதனை மீட்க வேண்டும். மரையில் எண்ணெயும் விடவில்லை. மரத்தில் வெட்டிய மரை எண்ணெயைக் குடித்துவிடும். வெறும் மெழுகுவத்தியை மரையில் ஒருமுறை தடவித் துடைத்தார். பொருத்தினார். கையால் முடுக்கி, போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினார். உருட்டியபோது கோல் நேராக ஓடியது. ஓசை நின்றுவிட்டது. "கோல் நல்லது, வாய்தான் அழுக்கு" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

வீடு திரும்பியதும் ஆசிரியர்ப் பழக்கம் விடவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். பொருத்தின் விட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். முன்கோலின் நீளம் 29 அங்குலம்; அதாவது 737 மில்லிமீட்டர் அளவு. பூணின் ஒரு விளிம்பில் ஒரு தாளின் கனம், 0.1 மில்லிமீட்டர், இடைவெளி இருப்பதாகக் கொண்டால், நுனி விலகும் தொலைவு ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் ஆகிறது. பொருத்தில் தாளின் கனம்; நுனியில் முப்பத்தைந்து தாளின் கனம். எவ்வளவு வலிமையாகத் திருகினாலும் அப்பொருக்கு அங்கிருக்கும்வரை இது தீராது. மிஞ்சித் திருகினால் பூண் வெடிக்கும். அன்றி, மரை பதித்த இடத்தில் மரம் பிளக்கும். ஓசை எழும்போதெல்லாம் இன்னும் சற்று முடுக்கு என்பதே நம் கைக்குத் தெரிந்த முதல் மருந்து. கோலுக்கு மட்டுமா அம்மருந்தைக் கொடுக்கிறோம்!

இப்பொழுது முதலில் கேட்ட வினாவுக்கு வருவோம். பிழை முன்கோலில் இல்லை; அடிக்கோலில் இல்லை; இருவரும் தனித்தனியே உருண்டு தம் நேர்மையை மெய்ப்பித்துவிட்டனர். பிழை அவற்றின் கூட்டத்தில் இருந்தது. அப்படியாயின் கூட்டம் என்பது மூன்றாவதாக ஒரு பொருளா? வைசேடிகர் இதனை முன்பே சிந்தித்திருக்கின்றனர். இரு பொருள்களின் சேர்க்கையைச் சம்யோகம் என்று பெயரிட்டு, அதனை ஒரு பொருளாகக் கொள்ளாமல், சேர்ந்த இரண்டையும் பற்றி நிற்கும் ஒரு குணமாகக் கொண்டனர். பிரிந்தால் அக்குணம் அழிந்துவிடும். நுட்பமான கருத்தே. எனினும் ஒரு குணத்தின் மீது குற்றம் சுமத்துவது எவ்வாறு? குணத்தை அழைத்து விளக்கம் கேட்க முடியுமா?

எனக்கு இதனைவிடத் தெளிவாக வழி காட்டியது நாள்தோறும் வகுப்பில் கற்பிக்கும் இலக்கணமே. பவணந்தியாரின் நன்னூல் இரு சொற்கள் சேர்வதைப் புணர்ச்சி என்கிறது. முன்நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. அடிக்கோலும் முன்கோலும் போல. சில சொற்கள் இயல்பாகப் புணரும். பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை. எந்த மாற்றமும் வேண்டா. வேறு சில அவ்வாறு சேரா. வாழையும் பழமும் சேரும்போது நடுவே ஒரு மெய் தோன்ற வேண்டும். பல்லும் பொடியும் சேர்ந்தால் லகரம் றகரமாகத் திரிய வேண்டும். மரமும் வேரும் சேர்ந்தால் மகரம் கெட வேண்டும். ஒன்று புதிதாக வர வேண்டும், அல்லது ஒன்று மாற வேண்டும், அல்லது ஒன்றை இழக்க வேண்டும். எதுவும் மாறாமல் எல்லாரும் சேர்ந்துவிடலாம் என்று இலக்கணம் ஒருபோதும் வாக்களிக்கவில்லை. உயிரும் உயிரும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டையும் இசைவிக்கவே ஓர் எழுத்து வருகிறது. அதற்கு உடம்படுமெய் என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கின்றனர்! பெரியவர் மரையில் தடவிய மெழுகை நினைக்குந்தோறும் எனக்கு அவ்வெழுத்தே நினைவுக்கு வருகிறது.

மாணவன் ஒருவன் 'வாழைபழம்' என்று எழுதிவிடுகிறான். 'வாழை' சரியான சொல். 'பழம்' சரியான சொல். ஆசிரியரின் சிவப்பு மை எங்கே விழுகிறது? இரண்டு சொற்களுக்கும் நடுவே விழுகிறது. அதனைச் சந்திப்பிழை என்கிறோம். சொற்களில் எந்த ஒன்றையும் பிழை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் மதிப்பெண் குறைகிறதல்லவா? யாருக்குக் குறைகிறது? வாழைக்கும் இல்லை, பழத்துக்கும் இல்லை. அவற்றைச் சேர்த்து எழுதிய மாணவனுக்குக் குறைகிறது. நான் தேடிய விடை இங்கேதான் இருந்தது. பொருத்து இரண்டு பாதிகளில் எதற்கும் சொந்தமன்று என்பதால் அது எவருக்கும் பொறுப்பில்லாததாகிவிடாது. அது சேர்த்தவனுடைய பொறுப்பு.

இவ்விடையைக் கண்டடைந்த மகிழ்ச்சி எனக்கு நெடுநேரம் நீடிக்கவில்லை. ஏனெனில் நானே பலமுறை சேர்த்தவனாக இருந்திருக்கிறேன்.

முன்பு நான் தலைமையேற்றிருந்த பள்ளி ஒன்றில், இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியை ஒருவரும் குறைநீக்கல் ஆசிரியர் ஒருவரும் இருந்தனர். எழுத்துக் கூட்டிப் படிக்க இடர்ப்படும் பிள்ளைகளை வகுப்பிலிருந்து தனியே அழைத்துச் சென்று கற்பிப்பது குறைநீக்கல் ஆசிரியரின் பணி. இருவரும் திறமையானவர், பிள்ளைகள் மீது உண்மையான பற்றுடையவர். ஆயினும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தம் பாடத்தின் பாதியில் பிள்ளைகள் எழுந்து போகின்றனர் என்றும், திரும்பி வரும்போது எதுவும் புரியாமல் விழிக்கின்றனர் என்றும் வகுப்பாசிரியை ஒவ்வோர் ஆசிரியர் கூட்டத்திலும் கூறினார். குறைநீக்கல் ஆசிரியர் அமைதியானவர், பேசமாட்டார். ஓசை ஒருபக்கத்திலிருந்தே எனக்குக் கேட்டது. ஆகவே குறையும் அப்பக்கத்திலேயே இருப்பதாகக் கொண்டேன். முதலில் முடுக்கினேன்: அறிவுரை, பின்னர் எழுத்து வழிக் கண்டிப்பு. ஓசை மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. ஆண்டிறுதியில், அவர் ஒத்துழைப்புக் குறைந்தவர் என்று அறிக்கை எழுதி, இடமாற்றத்திற்குப் பரிந்துரைத்தேன். அவர் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குப் போனார்.

அவரிடத்திற்கு வேறோர் ஆசிரியை வந்தார். மிக இனிய இயல்பினர். மூன்றாம் மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து, முன்னவர் கூறியதையே, ஏறத்தாழ அதே சொற்களில் கூறினார்.

அன்று மாலை அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். வகுப்பின் தமிழ்மொழிப் பாடம் இரு பாடவேளை, 8.00 மணிக்குத் தொடங்கி 9.00 மணிக்கு முடிவது. குறைநீக்கல் வகுப்போ 8.30 முதல் 9.30 வரை. பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தின் நடுவில் எழுந்து சென்று, கணிதப் பாடத்தின் நடுவில் திரும்பி வந்தனர். ஒரு பொருத்தில் இரண்டு பாடங்கள் கோணியிருந்தன. அந்த அட்டவணையை வரைந்தவன் நான். இரு வகுப்புகளின் தொடக்கத்தையும் முடிவையும் ஒன்றாக்கினேன். பிள்ளைகள் அன்று என்ன படித்தனர் என்று இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுக்க ஒரு குறிப்பேடும் வைத்தேன். முழுதும் மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று. ஓசை அடங்கியது.

முன்கோலை மாற்றிப் பார்ப்பது பழுது பார்ப்போர் கையாளும் நல்லதொரு சோதனைதான். அதே திருகாணிக்குப் பொருந்தும் வேறொரு முன்கோலை மாட்டி அடித்து, ஓசை தொடருமாயின் பழையதைக் குற்றமற்றது என்று திரும்ப எடுத்து வைப்பர். நான் மாற்றினேன், திரும்ப எடுத்து வைக்கவில்லை. கோலுக்கு அது சோதனை. அந்த ஆசிரியைக்கு அது நாள்தோறும் 80 கிலோமீட்டர்ப் பயணமும் பணிக்கோப்பில் ஒரு கறையும்.

இவ்வாறு எழுதுவதால், எல்லாப் பிணக்குகளும் பொருத்தின் பிழையே என்று நான் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. அவ்வாறு கொள்வது வேறொரு கொடுமை. 'இரண்டு கை தட்டினால்தான் ஓசை' என்னும் பழமொழியை நம் பெரியவர்கள் எவ்வளவு எளிதாக எடுத்து வீசுகின்றனர்! குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் ஒருவனின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டும் அப்பழமொழியைச் சொல்வோரைக் கண்டிருக்கிறேன். அங்கே தட்டுவது ஒரு கை. மறுபக்கம் இருப்பது கையன்று, கன்னம். முன்கோல் உண்மையிலேயே வளைந்திருக்குமானால், பொருத்தை எத்தனை முறை துடைத்தும் பயனில்லை. வளைந்த கோலை வளைந்தது என்று சொல்லத்தான் வேண்டும். பள்ளிகளிலும் அப்படியே. வேலைக்கே வராத ஆசிரியனையும், அவனுடைய வகுப்பையும் சேர்த்துச் சுமக்கும் ஆசிரியரையும் ஒன்றாக நிறுத்தி, 'இருவரும் விட்டுக்கொடுத்துப் போங்கள்' என்று சொல்லும் தலைமையாசிரியன் நடுநிலையாளன் அல்லன், சோம்பேறி. அச்சோம்பலுக்கும் நான் முற்றிலும் அயலானவன் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவேதான் அப்பெரியவர் செய்த வேலையின் வரிசை எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. அவர் பொருத்திலிருந்து தொடங்கவில்லை. பிற இடங்களில் ஓசை பிறக்கிறதா என்று முதலில் கேட்டார். பின்பு ஒவ்வொரு பாதியையும் தனியே உருட்டினார். தனியே உருளும்போது ஒன்று தள்ளாடியிருந்தால் அங்கேயே நிறுத்தி, இது வளைந்த கோல் என்று சொல்லியிருப்பார். இரண்டும் நேர் என்று கண்ட பிறகே பொருத்தை ஐயுற்றார். பகுதிகளை விடுவித்துவிட்டுத்தான் பொருத்தின் மீது குற்றம் சுமத்த வேண்டும். இரண்டையும் ஆராயாமல் பொருத்தைக் குறை கூறுவது யாரையும் பகைத்துக்கொள்ளாமலிருக்க ஒரு தந்திரமாகிவிடும். மனிதர்களைத் தனியே உருட்டிப் பார்ப்பது கோலை உருட்டுவது போல் எளிதன்று என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆசிரியை எனக்கு முன்பு வேறொரு பள்ளியில் ஒன்பது ஆண்டு பணியாற்றியவர். அங்கே அவர் எப்படி இருந்தார் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு சொல். கழற்றிய கோலின் இரு வாய்களுக்கும் மூடி உண்டு. திருகாணிக்கு ஒன்று, துளைக்கு ஒன்று. ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் முகங்களைத் துடைத்து மூடியிட்டுப் பைக்குள் வைப்பதே முறை. நம் நாட்டின் ஈரக் காற்றில் மரம் நீர் குடித்துக் குறுக்குவாட்டில் உப்பும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் ஒட்டுப்பசை இளகும். சுவரில் நாள்கணக்கில் சாய்த்து வைத்தால் வளையவும் கூடும். பிரிந்திருக்கும்போதுதான் பொருத்துக்கு அழுக்கு சேர்கிறது என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. சேர்ந்திருக்கும்போது முகங்கள் ஒன்றையொன்று காத்துக்கொள்கின்றன. நானும் என் மகனும் ஒருவரோடொருவர் பேசாதிருந்த நாள்கள் சில உண்டு. அவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு திருமண மண்டபத்தில் அந்த ஆசிரியையைக் கண்டேன். பணி ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். அருகில் அமர்ந்து, அட்டவணையைப் பற்றியும் அதனை வரைந்தவன் நான் என்பதைப் பற்றியும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அட்டவணையை எப்பொழுது மாற்றினீர்கள், ஐயா?"

"நீங்கள் சென்ற நான்காம் மாதமே மாற்றிவிட்டேன், அம்மா."

"அப்பொழுதே எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே."

பந்திக்கு அழைத்தனர். அவர் எழுந்து போனார்.

அந்த வாரமே எழுதினேன். இரண்டு படிகள் எடுத்தேன். ஒன்று அவருக்கு, மற்றொன்று, என் பழைய அறிக்கை கிடக்கும் கோப்புக்கு.